அண்ணனின் கை நடுங்கவில்லை

குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைத்த வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு டிரைவரானார். ஸ்டியரிங் பிடித்த அந்தக் கைதான் தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது. கடைசியில் அந்தக் கையைப் பற்றித்தான் சொந்தக்காரர்கள் தவறாகப் பேசினார்கள். எனக்குச் சபையில் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் எழுதிவிடுகிறேன்.

லாரி வேலையை விட்ட பிறகு, உறவினர் ஒருவரிடம் அண்ணன் பழைய பிக்கப் வண்டி வாங்கினார். விற்றவர் பெயரை எழுதவில்லை. அண்ணனின் இந்த நினைவு மலர் அவர் கையிலும் இருக்கும். முருங்கையும் தக்காளியும் ஏற்றித் திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்குவது அண்ணனின் வேலை. ஸ்டியரிங்கை விரலால் தொட்டாலே வண்டி துள்ளி ஒதுங்கும். ஒரு நாள் காலி வண்டியோடு திரும்பும்போது, குறுக்கே வந்த நாய்க்காக லேசாக ஒடித்தார். வண்டி ரோட்டை விட்டு இறங்கிச் சோளக்காட்டுக்குள் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை.

அடுத்த முகூர்த்தத்தில், பந்தியில் வைத்து விற்றவரே சொன்னார்: "மச்சானுக்குக் கை நடுங்குதப்பா. வண்டி என்ன செய்யும்?"

"அப்ப சாம்பார் வாளிய அவர்கிட்டக் குடுத்துறாதீக" என்றார் பக்கத்து இலைக்காரர். பந்தியே சிரித்தது. அண்ணன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். பேச்சு ஊருக்குள் போனது. விவசாயிகள் லோடு தருவதை நிறுத்தினார்கள். அண்ணி சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார்.

அண்ணன் டயரில் காற்றைச் சரிபார்த்தார். வீல் அலைன்மெண்ட் பார்த்தார். முன்பக்க ஜாயிண்டுகளை மாற்றினார். ஒன்றும் குணமில்லை. பிறகு அவரே ஒன்றைக் கவனித்தார். "தம்பி, லோடு ஏத்துனா வண்டி நேரா போகுது. இறக்குனாத்தான் துள்ளுது. என் கை லோடு இருக்கா இல்லையான்னு பார்த்தா நடுங்கும்?"

காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தள்ளி உட்கார்ந்து பார்த்தார். பின்பக்கம் தூக்கிக்கொண்டு, மூக்கு தரையைப் பார்த்தபடி நின்றது. அடியில் படுத்துப் பார்த்தால், பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள். அளவுக்கு மேல் பாரம் ஏற்ற எங்கள் பக்கம் பலரும் செய்கிற வேலைதான். சைக்கிளின் முன்கம்பி சாய்ந்திருப்பதால்தான் அது நேராகப் போகிறது. வண்டியின் முன்சக்கரத்துக்கும் அப்படி ஒரு சாய்மானம் உண்டு. பின்பக்கம் உயர்ந்தால் அது குறைந்து, தொட்டாலே வண்டி துள்ளும். கூடுதல் பட்டைகளைக் கழற்றினோம். வண்டி சொன்னபடி கேட்டது.

அண்ணன் விற்றவர் வீட்டுக்கே போய்க் கேட்டார். "கல்லு லோடுக்காகப் போட்டேன் மச்சான். இதைப் போயா சொல்லிக்கிட்டு இருப்பாக?" என்றார் அவர். பந்தியில் சொன்னதை எந்தப் பந்தியிலும் அவர் மாற்றிச் சொல்லவில்லை. லோடும் திரும்பி வரவில்லை. நல்ல வண்டி வாசலில் நின்றது. அதைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்த அண்ணனைச் சிறுநீரக நோய் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் கடைசி நாளிலும் தண்ணீர் டம்ளரை அவரேதான் பிடித்துக் குடித்தார்.

ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், வேளாவேளைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு பாய் குடும்பத்துக்கும், அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

துக்கம் கேட்க வந்த அன்றே, "வண்டி இப்ப நல்லா ஓடுதாமே, வித்தா எனக்குக் குடு" என்றார் விற்றவர். அதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன். வண்டி விற்பதற்கில்லை. பந்தியில் சிரித்தவர்கள் இன்று திதிச் சாப்பாடு முடித்துப் போகுமுன் ஓட்டிப் பார்க்கலாம். சாவி அண்ணன் படத்துக்குக் கீழே தொங்குகிறது. காலி வண்டிதான். நேராகப் போகும்.