இரண்டிலும் வெள்ளைப் பூ

அடையாறு டாக்டர் என் மனைவியின் இதய வால்வை அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார். பிறகு, "ஆபரேஷன்லயும் ரிஸ்க் இருக்கு, பண்ணாம விட்டா கொஞ்சம் ஜாஸ்தி ரிஸ்க். முடிவு உங்களுது" என்றார். அவ்வளவு படித்தவர் முடிவை எங்கள் தலையில் கட்ட, மனைவி அதை மயிலாப்பூருக்குக் கொண்டுவந்து அம்பாள் தலையில் கட்டினாள்.

"ஏன்னா, பூக்கட்டிப் பார்த்துடலாம். வெள்ளை வந்தா பண்ணிக்கறேன். செவப்பு வந்தா மாட்டேன். அப்புறம் யாரும் என்னைப் படுத்தப்படாது."

ஒரே மாதிரி இரண்டு காகிதத் துண்டு. ஒன்றில் நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. மடித்து அம்பாள் படத்தின் முன் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். பிரித்தால் அம்பாளைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் ஆகுமாம்.

மடிக்கும் வேலை எனக்கு.

"நான் எதுக்கு?"

"உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கையே கிடையாதே. நம்பறவா மடிச்சா மனசு ஒரு பக்கம் சாயும். நீங்க நியாயமா இருப்பேள்."

இத்தனை வருஷம் அலமாரி அலமாரியாகத் தத்துவம் படித்து, வீட்டில் நாத்திகம் பேசியதற்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், இரண்டு காகிதத்திலும் நந்தியாவட்டையையே வைத்து மடித்தேன். அரளி சட்டைப்பைக்குள் போயிற்று. அவள் உயிரைப் பூவா தலையா போட்டுப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

வெள்ளை வந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதோடு அவள் பயம் போயிற்று. நன்றாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், ரசப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குக் காட்டிக்கொடுத்தாள். அவள் விட்ட பயத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி சொன்னாள்: "அசடு மாதிரி முழிக்காதீங்கோ. அம்பாளே சொல்லிட்டா. அப்புறம் என்ன?"

அவள் சொல்லவில்லையடி, நான் சொன்னேன் என்பது தொண்டைவரை வந்தது. கதவு மூடிக்கொண்டது.

ஐந்து மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில். வேண்டிக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. யாரிடம்? யார் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டேனோ, அவளிடமேயா?

பிழைத்துவிட்டாள். மூன்றாம் நாள் கரகரத்த குரலில், "இப்பவாவது நம்பறேளா?" என்றாள்.

உண்மையைச் சொன்னால், "அதையும் அவதான் பண்ண வெச்சா" என்று சிரிக்கலாம். சிரிக்காமலும் போகலாம். அதற்குத்தான் பயந்தேன்.

"நம்பறேன்" என்றேன்.

அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. உடனே கோயிலுக்குத் துரத்தினாள். சன்னதியில் அவள் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"உங்க பேரையும் சேர்த்துச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார் குருக்கள்.

"வேண்டாம் மாமா" என்றேன். "என்னை ஞாபகப்படுத்த வேண்டாம்."