மூடாத ஷிப்ட்

திரையில் 1180 என்று நின்றுபோயிருந்த அந்த எண்ணை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மூலையில் கடிகாரம் நொடி நொடியாக ஓடிக்கொண்டிருந்தது. உலையின் வெப்பநிலை மட்டும் அசையவில்லை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்புக் கட்டிகளைக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கும் ஆலை அது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள். அங்கிருந்த கணினியின் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் அடியாழத்தில், கோப்புகளைப் பூட்டித் திறக்கும் பகுதியை எழுதியவள் நான். அது உறைந்துபோகிறது என்று புகார் வந்ததும் சென்னையிலிருந்து என்னையே அனுப்பினார்கள்.

உலைக்குப் பொறுப்பானவரை ஆபரேட்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பொன்னேரிக்காரர். நீலக் கண்ணாடி வழியாக உலைக்குள் பார்த்துவிட்டு வந்தவர், "உள்ள சூடு ஏறிக்கினே கீது மேடம். இது மட்டும் செத்தவன் கண்ணு மாரி முயிச்சிகினு நிக்குது" என்றார். திரையை நம்பி உட்கார்ந்திருந்தால் கட்டிகள் உள்ளேயே உருகி ஒட்டிவிடும். பக்கத்தில் நிற்பவர்களின் கதியை அவர் சொல்லவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது மட்டுமே இப்படி ஆனது. அதுவும் எல்லா நாளும் இல்லை. ஆலையில் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். ஆபரேட்டர் அண்ணனின் கூட்டாளி ஒருவர் சில மாதங்களுக்கு முன் அந்தத் திரைக்கு முன்னிருந்த நாற்காலியில் நெஞ்சுவலி வந்து இறந்துபோயிருந்தார். அவர் இன்னும் வேலையில்தான் இருக்கிறார் என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் சிரித்தேன்.

மூன்றாம் நாள் உறைந்தபோது என் மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து, உள்ளே எது எதற்காகக் காத்திருக்கிறது என்று கெர்னலிடமே பட்டியல் வாங்கினேன். வெப்பத்தைப் பதியும் நிரல் ஒரு கோப்பைப் பூட்டிக்கொண்டு, கோப்புகள் இருக்கும் அடைவுக்காக, அதாவது ஃபோல்டருக்காகக் காத்திருந்தது. ஷிப்டை முடித்துவைக்கும் நிரல் அடைவைப் பூட்டிக்கொண்டு அதே கோப்புக்காகக் காத்திருந்தது. ஒன்று விட்டால்தான் மற்றது நகரும். இரண்டும் விடாது. இரண்டையும் கொல்லச் சொல்லி ஆணை கொடுத்துப் பார்த்தேன், சாகவில்லை. பூட்டுகளை எடுக்கும் வரிசையை ஓரிடத்தில் நான் முன்பின்னாக எழுதியிருந்தேன். ஒவ்வொரு ஷிப்டுக்கும் அதன் ஆபரேட்டர் பெயரில் ஒரு கோப்பு திறக்கும், முடிந்ததும் அவரே மூட வேண்டும். ஒரே ஒரு ஷிப்ட் திறந்திருக்கும்வரை அந்தத் தவறு வெளியே தெரியாது. இங்கே இரண்டு மணிக்கு முடியும் ஷிப்டில் இரண்டு திறந்திருந்தன.

இரண்டாவது கோப்பில் இறந்தவரின் பெயர் இருந்தது. யாரும் மூடாததால், இத்தனை மாதங்களாக நிமிடத்துக்கு ஒருமுறை உலையின் சூடு அவர் பெயரிலும் பதிவாகிக்கொண்டே வந்திருந்தது. அவர் இறந்த நாளின் பக்கத்துக்குப் போனேன். ஆபரேட்டர் கையால் விசையைத் தட்டினால் மட்டுமே விழும் 'பார்த்தேன்' என்ற குறி, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக 1:55 வரை இருந்தது.

"அவர் எத்தனை மணிக்கு இறந்தார் அண்ணா?"

"ஒன்றரை இருக்கும்."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் அந்தக் குறிகளை விரலால் தொட்டார்.

"அது நான்தான் மேடம். அவனைத் தூக்கினு போறாங்கோ. உலை ஃபுல்லா கீது. வுட்டுட்டு எப்டி பின்னால போவேன்? அவன் பேர்லயே உக்காந்து தட்டிக்கினு இருந்தேன். நாற்காலில அவன் சூடு அப்டியே இருந்துது. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சுதுன்னு அமுக்கணும். கை வரல." பிறகு மெல்லக் கேட்டார்: "அதனாலதான் நின்னு போவுதா? என்னாலயா?"

"இல்லை அண்ணா. தப்பு என்னுடையது" என்றேன். அவர் நம்பினாரா, தெரியவில்லை.

பூட்டின் வரிசையைத் திருத்தி மறுநாள் புதிய கெர்னலை ஏற்றினேன். அந்தக் கோப்பு திறந்தே கிடந்தாலும் இனி உறையாது, விருப்பம்போல் செய்யுங்கள் என்று சொன்னேன். இரண்டு மணிக்கு அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கூட்டாளியின் கோப்பைத் திரைக்குக் கொண்டுவந்து, மூடும் விசையைத் தட்டினார். 'ஷிப்டை முடிக்கலாமா?' என்று திரை கேட்டது. அந்தக் கேள்வியை எழுதியதும் நான்தான். இன்று நான் எழுதும் மென்பொருள்கள் எவரையும் கேட்பதில்லை. நேரம் வந்தால் தாமே முடித்துவிடுகின்றன.

"போதும்டா, ஊட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு விசையை அமுக்கினார்.