கொட்டகைத் தெரு

டேப்புக்காரரை நகராட்சியில் தெரியாதவர் கிடையாது. வீட்டுவரி போடுவதற்காக வீடுகளை அளந்து ஏட்டில் எழுதுவது அவர் வேலை. இருபத்தெட்டு வருட சர்வீஸ். பிறத்தியார் தெருவில் இறங்கினால் படிக்கட்டுக்குக் கீழே செருப்பு விடுகிற இடம்கூடத் தப்பாது. "சட்டம்னா சட்டம்தாங்க" என்பார் கறாராக.

சொந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் அந்தச் சட்டத்துக்குக் கண் அவிந்துவிடும். நாற்பது வீடுகள். முக்கால்வாசி இரண்டு மாடி, மூன்று மாடி. ஏட்டில் அத்தனையும் தகரக் கொட்டகை, ஒரே அறை. அவருடைய மாடி வீடும் கொட்டகைதான். காசு வாங்கினாரா என்றால், இல்லை. வாங்கியிருந்தால் பிழைக்கத் தெரிந்தவர் என்றாவது சொல்லலாம். தெருவில் நடந்தால் நாலு பேர் எழுந்து "வாங்கண்ணே" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதற்காக ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றினார்.

இந்த வருடம் வரிப்பணத்தில் அந்தப் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை வந்தது. எந்தத் தெருவுக்கு எவ்வளவு பெரிய குழாய் என்பதைப் பொறியாளர் அம்மா வரி ஏட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்தார். நாற்பது கொட்டகைக்கு எது போதுமோ அதைப் புதைத்தார்கள். தெரு சரிவு, கடைக்கோடி வீடு டேப்புக்காரருடையது. மேலே எல்லாக் குளியலறைகளும் ஓடுகிற காலை வேளையில், அத்தனை பேர் அழுக்கும் அவர் சமையலறையில் வந்து பொங்கியது.

மனைவி மூன்று வாரம் வாளியால் அள்ளிக் கொட்டினாள். நாலாவது வாரம் பையை எடுத்தாள்.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். பெரிய குழாய் போட ஏற்பாடு பண்ணிட்டுக் கூப்பிடுங்க. இல்லேன்னா கூப்பிடாதீங்க."

அவர் பொறியாளரிடம் ஓடினார். அந்த அம்மா ஏட்டைத் திருப்பிக் காட்டினார்.

"கொட்டகைன்னு இருக்கு. கையெழுத்து உங்களோடதுதானே?"

தேள் கொட்டிய திருடன் போல, தன் கையெழுத்தை விரலால் மறைத்துக்கொண்டார்.

"உள்ளபடி அளந்து கொடுங்க. வரி கூடும், அந்த வரியில குழாயை மாத்தலாம். பழசைக் கைப்பிழைன்னு எழுதிக்கிறேன். உங்க தெருவை நீங்களே அளந்துடுங்க."

இதைவிட மரியாதையாக ஒருவரைக் காப்பாற்ற முடியாது. திங்கட்கிழமை காலையில் டேப்போடு கிளம்பினார். முதல் வீடு மளிகைக்கடைக்காரருடையது, மூன்று மாடி.

"வாங்கண்ணே. போன தடவை மாதிரியே போட்டுடுங்கண்ணே."

"என் வீட்டுல சாக்கடை ஏறுதுப்பா. உங்க தண்ணிதான்."

"எங்க வீட்டுல ஏறலையேண்ணே" என்றார் அவர், வெகு நியாயமாக. "நீங்க இருக்கீங்கன்னுதானே தெருவே தைரியமா இருக்கு."

அந்தப் பேச்சில் ஆள் குளிர்ந்துபோனார். இழுத்த டேப்பை அப்படியே சுருட்டினார். மத்தியானத்துக்குள் நாற்பதும் மறுபடி கொட்டகை. அயோக்கியனையாவது நாலு திட்டு திட்டலாம். இந்த மாதிரி மனிதரைத் திட்டுவதற்கும் வாய் வலிக்கிறது.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். சமையலறையில் செங்கல் மேல் நின்றுகொண்டு எடுத்தார்.

"அளந்தாச்சா?"

"ஆச்சு."

"நம்ம வீட்டையாவது உள்ளபடி எழுதினீங்களா?"

அவர் பக்கத்துச் செங்கலுக்கு மாறி நின்றார். அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் சகலை வண்டியோடு வந்து, அவளுடைய தையல் மிஷினை ஏற்றிக்கொண்டு போனார்.