ஆளுக்கொரு ஸ்பீக்கர்

எங்க மாமனுக்கு, அதாவது எங்கம்மாவோட கூடப் பொறந்தவருக்கு, எதையும் ரெண்டாப் பிரிச்சாத்தான் சோறு எறங்கும். எருத்தேன்பதிப் பக்கம் எந்த ஊட்டுல பாகம் பிரிக்கறதா இருந்தாலும் அவரைத்தான் கூப்புடுவாங்க. அண்டா ஒண்ணு உனக்குன்னா ஒண்ணு அவனுக்கு. தென்னை இந்த வரிசை உனக்குன்னா அந்த வரிசை அவனுக்கு. கெணறு ஒண்ணே ஒண்ணுதான்னா, இன்னைக்குத் தண்ணி உன் முறை, நாளைக்கு அவன் முறை. அப்படிப்பட்ட மனுசன் கையில எங்கப்பன் வாங்கி வெச்ச பாட்டு செட்டு மாட்டுனா என்ன ஆகும்? ஸ்பீக்கர் ரெண்டு இருக்குதல்ல, ஆளுக்கொண்ணு எடுத்துக்குங்கன்னுட்டாரு.

மாமா, இது சோடி, ஒட்டுக்கா இருந்தாத்தான் பாட்டுன்னு நான் அங்கயே சொன்னேன். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "சோடி மாட்டையே பிரிச்சுக் குடுத்திருக்கறேன், இது என்ன பெருசா?"ன்னாரு. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. எங்கண்ணனும் சிரிச்சான். அவன் சிரிச்சது எனக்கு இன்னும் ஆறல. கூடப் பொறந்த அண்ணனை அவன் இவன்ங்கறேனேன்னு பாக்காதீங்க, மரியாதையெல்லாம் பாகத்துக்கு முந்தி.

செட்டுன்னா திருவிழாவுக்குக் கட்டற செட்டு இல்லீங்க. ஆம்ப்ளிஃபையர் சோத்து டப்பா அளவுதான். முன்னால ஒரு திருகு, பென் டிரைவ் சொருகறதுக்கு ஒரு ஓட்டை, பின்னால ஸ்பீக்கர் ஒயரு மாட்டறதுக்குச் செவப்பும் கறுப்புமா முனைங்க. ஸ்பீக்கரும் புஸ்தக அலமாரியில அடங்கற மரப்பொட்டிங்கதான். இருக்கறதுலயே வெல கொறைஞ்சதை அப்பன் போன்ல பாத்து வரவழைச்சாரு. அம்மாவுக்குத்தான். சக்கரை வியாதி அம்மா கண்ணைக் கொண்டு போயிருச்சு. டி.வி. முன்னால ஒக்காந்து, இப்ப யாரு அழுகறா, யாரு போறான்னு பக்கத்துல இருக்கறவங்களைக் கேட்டுக்கிட்டே இருக்கும். பதில் சொல்லிச் சொல்லி எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவோம். அது பொறுக்காமத்தான் அப்பன் செட்டு வாங்குனாரு.

எங்கூட்டு ஆசாரம் நல்ல அகலமான ரூமு. அதுக்கு இந்தக் கோடியில ஒரு ஸ்பீக்கர், அந்தக் கோடியில ஒரு ஸ்பீக்கர், நடுவுல அம்மாவுக்கு நாற்காலி. சித்தே அக்கட்ட, சித்தே இக்கட்டன்னு நகத்தி நகத்தி, சரியான எடம் வந்ததும் அப்பன் நாற்காலிக் காலைச் சுத்தி சாக்பீசுல குறி போட்டு வெச்சாரு. பென் டிரைவ்ல பூராம் பழைய பாட்டு. அந்தக் காலத்துப் பதிவுல பாடற குரல் ஒரு பக்கமும் வயலினும் தபலாவும் இன்னொரு பக்கமுமா ஒதுங்கி நிக்கும். நடுவுல ஒக்காந்தாத்தான் ரெண்டும் ஒண்ணு சேந்து நேரா மூஞ்சிக்கு வரும். அம்மா தலையாட்டாது, தாளம் போடாது. பேசாம நேரா எதுக்கால பாத்துக்கிட்டு இருக்கும். அப்பன் செத்துப் போன பொறகும் சாயங்காலம் பொழுதோட தடவித் தடவி அந்த நாற்காலிக்கு வந்துரும்.

அதைத்தான் பிரிச்சாங்க. ஆம்ப்ளிஃபையர் எனக்குன்னு ஆச்சு. அப்ப அவனுக்கும் ஏதாச்சும் ஒண்ணு குடுக்கணுமே? மாமன் ரிமோட்டைத் தூக்கி அவன் கையில வெச்சாரு. வண்டி எனக்கு, சாவி அவனுக்குங்கற மாதிரி. அம்மா ஒரு மாசம் எங்கூட்டுல, ஒரு மாசம் அவனூட்டுல சாப்புடறதுன்னு முடிவாச்சு. தங்கச்சி பொள்ளாச்சியில இருந்து வந்து, எனக்குப் பாகம் வேண்டாம்னு ஒழிமுறிப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டு, காப்பியைக் குடிச்சுட்டுப் போயிருச்சு. கட்டிக் குடுத்த புள்ளைகிட்ட உனக்கு என்ன வேணும்னு கேக்கற வழக்கம் எங்க பக்கம் இல்ல.

கொத்தனார் வந்து ஆசாரத்துக்கு நட்டநடுவுல நூல் புடிச்சாரு. சாக்பீஸ் குறி மேலயே செங்கல்லு ஏறுச்சு.

மொத மாசம் அம்மா என் பக்கம். ஒத்தை ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டைப் போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுச்சு. வயலின் எங்கடான்னு கேட்டுச்சு. அது செவுத்துக்கு அக்கட்ட இருக்குதும்மான்னேன். ஒயரைக் கழட்டி அடுத்த முனையில மாட்டுன்னுச்சு. மாட்டுனேன். வயலின் வந்துச்சு, தபலா வந்துச்சு, பாடறவங்களைக் காணோம். ரெண்டையும் கலந்து ஒரே ஸ்பீக்கர்ல விடற வசதியெல்லாம் அந்த வெலைக்கு வராதுங்க. மாத்து, மறுபடி மாத்துன்னு அம்மா சொல்லச் சொல்ல மாத்திக்கிட்டே இருந்தேன். கடைசியில வேண்டாம், நிறுத்திருன்னுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் செவுத்தை ஒரு ஒதை ஒதைச்சேன். அக்கட்ட இருந்து அவனும் திருப்பி ஒதைச்சான்.

அப்புறம் ஒரு கூத்து. பாட்டு ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு சத்தம் கொறைஞ்சு கொறைஞ்சு ஒண்ணுமே இல்லாமப் போயிரும். செட்டுக்குத்தான் கோளாறுன்னு நெனைச்சு ஒயரெல்லாம் கழட்டி மாட்டிப் பாத்தேன். அப்புறம் ஒருக்கா நிமிந்து பாக்கறேன், என் கதவு நெலைக்கு நேரா, பொது வாசல்ல கயித்துக் கட்டிலைப் போட்டுக்கிட்டு எங்கண்ணன். கையில ரிமோட்டு. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. கேட்டதுக்கு அவன் எந்திரிக்கக்கூட இல்ல.

"என் ரிமோட்டு, என் வாசல். நான் அமுக்குவேன்."

அன்னையில இருந்து கதவைச் சாத்திட்டுத்தான் பாட்டு. மார்ச் மாசத்து வெக்கையில அம்மா வேர்த்து வழிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும். அதுலயும் கரண்டு ஒருக்காப் போயி வந்தா செட்டு மறுபடி மொதப் பாட்டுல இருந்து ஆரம்பிக்கும். அம்மாவுக்குப் புடிச்சதெல்லாம் நடுவுல இருக்குது. அங்க தாவறதுக்கு ரிமோட்டு வேணும். மொதப் பாட்டைக் கேட்டுக் கேட்டு எனக்கே வாந்தி வந்துச்சு.

அம்மா எங்க ரெண்டு பேரையும் வாசலுக்குக் கூப்புட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. நான் எந்த ஊட்டுல சோறு திங்கறனோ அந்த ஊட்டுல செட்டு முழுசா இருக்கட்டும், அத்தனைதான். நான் சரின்னேன், மொதல்ல அவன் குடுக்கட்டும்னேன். அவனும் சரின்னான், மொதல்ல நான் குடுக்கட்டும்னான். மறுபடி மாமன் வந்தாரு. அம்மா துணிப்பையோட ஸ்பீக்கரும் கூடப் போகட்டும், ஆம்ப்ளிஃபையரும் கூடப் போகட்டும்னு தீர்ப்புச் சொல்லிட்டு, தன் நாயம் தனக்கே ருசியா இருந்த மாதிரி மீசையைத் தடவிக்கிட்டாரு.

அடுத்து வந்த என் மாசத்துக்கு அண்ணி ஸ்பீக்கரைக் கொண்டாந்து திண்டு மேல டொம்முனு வெச்சுட்டுப் போனாங்க. ரிமோட்டு எங்க அண்ணின்னேன். ரிமோட்டுப் பேச்சு தீர்ப்புல வரலைன்னாங்க. ஓகோ, அப்படியான்னு இருந்துக்கிட்டேன். அவன் மாசம் வந்துச்சு. ஆம்ப்ளிஃபையரைத் தொடைச்சு, ஒயரைச் சுருட்டி, ஸ்பீக்கரோட சேத்து அம்மா கூடவே குடுத்தனுப்புனேன். கரண்டு குடுக்கற அடாப்டரை மட்டும் எம் பீரோவுல வெச்சுப் பூட்டிக்கிட்டேன். அதுவும் தீர்ப்புல வரலையே. அவன் மட்டும் சட்டம் பேசுவானா? எனக்கும் வாயி இருக்குது.

அவன் வந்து கேட்டான். ரிமோட்டைக் கொண்டான்னேன். போடான்னான். போடான்னேன். வாசல்ல நின்னு ரெண்டு பேரும் கத்துனதுல தோட்டத்துல களையெடுத்துக்கிட்டு இருந்தவங்கெல்லாம் வரப்பு மேல ஏறி நின்னு பாத்தாங்க. உள்ள அம்மா அந்த ஆம்ப்ளிஃபையரை மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. ஜன்னல் வழியா நான் பாத்தேன். வெரலு அந்தத் திருகைத் திருப்பிக்கிட்டே இருந்துச்சு. பாவமாத்தான் இருந்துச்சு, இல்லீங்கல. ஆனா அன்னைக்கு நான் எறங்கிப் போயிருந்தா அவன் ஆயுசுக்கும் என் தலை மேல ஒக்காந்திருப்பான்.

அம்மாகிட்ட ஒரு பட்டன் போன் இருக்குது. ஒரு பட்டனை அமுக்கிப் புடிச்சா தங்கச்சிக்குப் போகும். எப்ப அமுக்குச்சோ, என்ன சொல்லுச்சோ, எங்களுக்குத் தெரியாது. ஞாயித்துக்கெழமை காலையில வாசல்ல கார் வந்து நின்னுச்சு. தங்கச்சி எறங்கி வந்துச்சு, எங்களை நல்லா இருக்கீங்களான்னும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. நேரா அவன் பக்கம் போயி ஸ்பீக்கர் ரெண்டையும் கைக்கொண்ணா ஒத்தையாவே தூக்கிட்டு வந்து கார்ல வெச்சுச்சு. ஆம்ப்ளிஃபையர் அம்மா மடியோட வந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, அது எம் பாகம்னோம். வருசக்கணக்குல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னது அது ஒண்ணுதான்.

தங்கச்சி திரும்பி நின்னுச்சு. "என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னப்ப என்ன வேணும்னு கேட்டீங்களா? இப்பச் சொல்றேன். இதுவும் அம்மாவும். ரிமோட்டைக் குடு. நீ அடாப்டரைக் குடு."

அண்ணன் இடுப்புல இருந்து எடுத்துக் குடுத்தான். நான் பீரோவைத் தொறந்து எடுத்தாந்து குடுத்தேன். அவன் குடுத்த பொறகுதான் நான் குடுத்தேன், அதையும் சொல்லிக்கறேன். அம்மா கார்ல ஏறி ஒக்காந்து கதவை அதுவே சாத்திக்கிச்சு. போயிட்டு வர்றேன்னு சொல்லல.

ஊருல எல்லாரும் கேக்கறாங்க, அம்மா எங்கன்னு. மக ஊட்டுக்கு நாலு நாள் ஒறம்பரையாப் போயிருக்குதுன்னு நானும் சொல்றேன், அவனும் அதையேதான் சொல்றானாம். எத்தனை நாளைக்கு இந்தப் பொய்யைச் சொல்றது? மானம் போகுது. மாமன் மட்டும், பொட்டப்புள்ளைக்கு இத்தனை துணிச்சலான்னு குதிச்சாரு. கூட்டியாறச் சொல்லிப் பொள்ளாச்சிக்குத் தாட்டி விட்டோம். அவரையும் அம்மா வெறுங்காப்பியோட திருப்பி அனுப்பிருச்சு.

நேத்துப் பொழுதோட தங்கச்சிக்குப் போன் போட்டேன். எடுத்துச்சு. பின்னால பாட்டு. குரலும் வயலினும் ஒட்டுக்கா, முழுசா. மொதப் பாட்டில்ல, நடுவுல இருக்கற பாட்டு. அம்மாகிட்டக் குடு அம்மிணின்னேன். தங்கச்சி அம்மாகிட்டச் சொன்னது கேட்டுச்சு. அம்மா பதில் சொன்னதும் கேட்டுச்சு.

"பாட்டு ஓடுதுன்னு சொல்லு."

போன் கட்டாயிருச்சு. நான் செவுத்துல சாஞ்சு ஒக்காந்திருந்தேன். சித்தே நேரம் கழிச்சு அக்கட்ட எங்கண்ணன் போன்ல, "அம்மாகிட்டக் குடு"ங்கறது கேட்டுச்சு. காதைச் செவுத்துல வெச்சேன். அவனுக்கும் அதே பதில்தான் போல, டொப்புனு போனை வெச்ச சத்தம்தான் வந்துச்சு. மாமன் பிரிச்சிருந்தாக்கூட இத்தனை சரிசமமா வந்திருக்காது.