புளிக்காததைப் புளிப்பு என்றேன்

நல்ல பனீரைக் கெட்டது என்று சொன்னேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அது நல்லதா கெட்டதா என்றே எனக்கு அப்போது தெரியாது. என் மூக்கு செத்துக் கிடந்தது... அதை மறைக்கத்தான் சொன்னேன்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெண்டாட்டியிடம்கூட.

நீங்கள் ராஜபாளையத்தில் அந்தப் பெரிய கடைக்கு வந்திருக்கலாம். பெயர் வேண்டாம். பருப்பு, சோப்பு, பிளாஸ்டிக் வாளி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். உள்ளே குளிர்பெட்டியில் கடையின் சொந்தப் பெயர் ஒட்டிய பனீர் பாக்கெட் இருக்கும். அதைக் கடையில் செய்வதில்லை. வெளியே செய்கிறவர்கள் கொண்டு வந்து தருவார்கள். கடை அதை வெட்டி, உறையில் போட்டு, பெயர் ஒட்டும். ஒட்டுவதற்கு முன் ஒருவன் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

அந்த ஒருவன் நான்.

படிப்பு ஐந்தாவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபது வருஷம் பால்கோவா கிண்டினேன். வலது தோள் போயிற்று. கை தலைக்கு மேல் எழாது. அந்த நேரம் இந்தக் கடை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். பால் திரியப் போகிறதா என்று கொதிக்கும் முன்பே நான் மோந்து சொல்லிவிடுவேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான்.

"கைக்கு வேலை இல்ல அண்ணாச்சி. ஒங்க மூக்குக்குத்தான் சம்பளம்" என்றார்.

வேலை இதுதான். காலையில் பனீர் கட்டி மேசைக்கு வரும். முதலில் நிறம் பார்க்க வேண்டும். பிறகு பெருவிரலால் அமுக்க வேண்டும். அமுங்கியது மேலே எழ வேண்டும். உடைத்தால் ரப்பர் மாதிரி இழுக்கக் கூடாது, மணல் மாதிரி உதிரவும் கூடாது. ஒரு துண்டைத் தோசைக்கல்லில் போட வேண்டும். எண்ணெய் கலந்திருந்தால் உருகி வழியும். இவ்வளவும் கண்ணுக்கும் விரலுக்கும் உள்ள வேலை. யாரும் படித்துக்கொள்ளலாம்.

கடைசியில் மோந்து பார்க்க வேண்டும். பால் நேற்றையதா, பவுடர் கலந்ததா, வடிகட்டிய துணியை ஒழுங்காக அலசினார்களா... இதெல்லாம் மூக்குக்குத்தான் தெரியும். அதற்குத்தான் நான்.

இரண்டு பேர் கொண்டு வந்தார்கள். ஒன்று, வத்திராயிருப்பு போகிற வழியில் ஒரு பெரிய பண்ணை. வேனில் வரும். இன்னொன்று சுந்தரபாண்டியத்துப் பேச்சியம்மாள். நாலு மாடு வைத்திருந்தாள். புருஷன் கேரளாவில் கட்டட வேலை. எலுமிச்சம்பழம் பிழிந்து பாலைத் திரிய வைப்பாள். எவர்சில்வர் டப்பாவில் ஐஸ் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வருவாள். அவள் பனீரை உடைத்தால் பால் வாசம் மட்டும் வரும். வேறு ஒன்றும் வராது. நான் அவளுக்கு ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பிறகு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாள் கிடந்தேன். எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். பால் அடுப்பில் இருந்தது. என் பெண்டாட்டி துணி காயப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏங்க! பால் தீஞ்சு தெரு முச்சூடும் நாறுது... அடுப்புப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்ன செய்தீய? மூக்கு என்ன அடகுக்கா போயிருக்கு?"

"கண் அசந்துட்டேன்" என்றேன்.

அசரவில்லை. அந்தப் பாலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அவள் போன பிறகு பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்தேன். ஒன்றுமில்லை. கற்பூரம்... ஒன்றுமில்லை. வெறும் காற்று!

டாக்டரிடம் போனேன். சிலருக்கு இப்படி ஆகும், தானாக வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

அப்போதே முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள். ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயம். அது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி வெளியூர்க்காரர் யாரையாவது கூட்டி வந்தால் என் முன்னால் நிறுத்துவார். "அவிய ஒருக்க மோந்து பாத்துச் சொல்லிட்டா, லேபுக்கு அனுப்ப வேண்டியதில்ல" என்பார். எழுதப் படிக்கத் திணறுகிற ஒருவனை, பேன்ட் போட்டவர்கள் நின்று பார்ப்பார்கள். அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

நடித்தேன்.

பனீரை மூக்கருகே கொண்டு போவேன். கண்ணை மூடுவேன். முன்பு எவ்வளவு நேரம் வைத்திருப்பேனோ அவ்வளவு நேரம் வைத்திருப்பேன். பிறகு ஜெயாவைப் பார்ப்பேன். பக்கத்தில் நின்று கட்டி வெட்டுகிறவள். அவள் முகம் சுளித்தால் வேண்டாம். சுளிக்காவிட்டால் சரி.

அவள் முகம் சுளிக்கவே இல்லை! நான் இருக்கிறேன் என்று அவள் எதையும் மோந்தே பார்ப்பதில்லை.

இரண்டு மாதம் எல்லாம் சரி, எல்லாம் சரி என்றே போயிற்று. ஒரு நாள் முதலாளி உள்ளே வந்தார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, ரெண்டு மாசமா ஒண்ணத்தையும் தள்ளக் காணோம்? மூக்கு லீவுல போயிருச்சா?"

ஜெயா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து முடிவு செய்தேன். ஒன்றையாவது தள்ள வேண்டும். அப்போதுதான் மூக்கு இருப்பதாக நம்புவார்கள். எதைத் தள்ளுவது? பண்ணைக்காரன் சரக்கைத் தள்ளினால் போன் அடிப்பான். லேப் சீல் போட்ட பேப்பரோடு வருவான். எங்கே புளிக்கிறது, காட்டு என்பான்.

பேச்சியம்மாள் என்ன கொண்டு வருவாள்? அவளிடம் பேப்பர் ஏது?

யோசித்துத்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன். இதை எழுதும்போது விரல் கூசுகிறது... ஆனாலும் அப்படித்தான்.

மறுநாள் காலை அவள் கட்டியைக் கையில் எடுத்தேன். மூக்கில் வைத்தேன். கண்ணை மூடினேன். கீழே வைத்தேன்.

"லேசாப் புளிப்புத் தட்டுது, தாயி. வேண்டாம்."

அவளுக்குப் புரியவில்லை.

"என்ன அண்ணாச்சி சொல்லுதீய? விடியக்காலம் கறந்த பாலு. இன்னும் ஐஸுகூடக் கரையல. எப்படிப் புளிக்கும்?"

ஜெயா ஒரு துண்டை எடுத்து மோந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே மாமா."

"நீ வெட்டுத வேலையைப் பாரு!"

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை. ஜெயா கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

பேச்சியம்மாள் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். என்னைப் பார்த்தாள். "எனக்கும் தெரியலையே அண்ணாச்சி" என்றாள்.

அவள் நாக்கு சரியாகத்தான் சொன்னது. அந்த அறையில் இரண்டு பேருக்கு உண்மை தெரிந்திருந்தது. மூக்கில்லாதவன் நான் ஒருவன்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒனக்குத் தெரியாது. ராத்திரி பகலா பாலோடயே கெடக்கவளுக்கு வாசம் எங்க தெரியும்?"

அவள் நம்பிவிட்டாள்!

சண்டை போட்டிருந்தால்... ஒரு வார்த்தை வைதிருந்தால்... அவள் தலையை ஆட்டினாள். டப்பாவை மூடினாள். "சரி அண்ணாச்சி. நாளைக்குப் பாத்துச் செய்தேன்" என்று போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் முதலாளி என் தோளைத் தட்டினார். "ஒங்களை ஏமாத்த முடியுமா?" என்றார்.

பேச்சியம்மாள் இல்லாத தப்பைத் தேட ஆரம்பித்தாள். தீவனத்தில் கோளாறு என்று நினைத்துப் பருத்திக்கொட்டையை நிறுத்தினாள். பால் குறைந்தது. துணியை இரண்டு முறை வெந்நீரில் போட்டாள். ஒவ்வொரு நாளும் மேசை முன்னால் நின்று, "இன்னைக்கு எப்படி அண்ணாச்சி?" என்று என் முகத்தைப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் சிலேட்டை நீட்டுகிற பிள்ளை மாதிரி.

இரண்டாம் தடவை தள்ளியபோது முதலாளி பக்கத்தில் நின்றார். அவர் பார்க்கிறார் என்பதற்காகத் தள்ளினேன். "இன்னும் லேசா இருக்கு" என்றேன்.

மூன்றாம் தடவைக்குக் காரணமே இல்லை. ரொம்ப நாளாக எதையும் தள்ளவில்லையே என்று தோன்றியது. வாய் பழகிவிட்டது... அவ்வளவுதான்.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை. "மூணு தடவை ஆயிருச்சும்மா. நம்ம பேரை ஒட்டி விக்கித சாமான். இனிக் கொண்டார வேண்டாம்."

நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

போகும்போது என்னிடம் வந்து சொல்லிக்கொண்டாள். "வாரேன் அண்ணாச்சி. நீங்களா இருக்கக் கண்டு பொறுத்துப் பாத்துச் சொன்னீய" என்றாள். அந்த வார்த்தையை எங்கே வைப்பது? நீங்களாவது சொல்லுங்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு மத்தியானம் ஜெயா சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். கருவாட்டுக் குழம்பு. சட்டென்று மூக்கில் ஏறியது. கத்தரிக்காய், புளி, கருவாடு... தனித்தனியாக! எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கருவாட்டுக்கு அழுத ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்! இந்தாங்க மாமா, ரெண்டு துண்டு தின்னுங்க. அழாதீய" என்றாள் ஜெயா.

தின்றேன். அந்த ஒரு நாள்தான் சந்தோஷம்.

மறுநாள் பண்ணைச் சரக்கை மோந்தேன். பால் பவுடர். அழுக்குத் துணி வாடை. இதையா இத்தனை நாள் சரி, சரி என்றேன்? நீங்கள் அந்த வருஷம் அந்தப் பாக்கெட்டை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தால்... அதற்கும் நான்தான் பொறுப்பு.

தள்ளினேன். நான் நினைத்தபடியே பண்ணைக்காரன் பேப்பரோடு வந்தான். முதலாளி பேப்பரைப் பிரிக்கவே இல்லை. "எங்க அண்ணாச்சி சொல்லிட்டாரு" என்றார். இரண்டு வாரத்தில் பவுடர் வாடை நின்றது. எனக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டேன்.

பேச்சியம்மாளைத் திரும்பக் கூப்பிடச் சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். முதலாளி அறை வாசல் வரை போவேன். நடந்ததைச் சொல்லாமல் எப்படிக் கூப்பிடச் சொல்வது? திரும்பி வருவேன்.

பிறகு அவளே வந்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்றேன். "அண்ணாச்சி, செத்த நில்லுங்க!" என்று சத்தம். இளைத்திருந்தாள். கையில் சின்ன டப்பா.

"ஒங்களப் பாக்கத்தான் கடைக்குக் கெளம்பினேன். நல்லவேளை, இங்கயே அம்புட்டுட்டீய."

மூன்று மாட்டை விற்றுவிட்டாளாம். ஒன்றுதான் பாக்கி. மில் வேலைக்குப் போகிறாளாம்.

"இப்ப எலுமிச்சம்பழம் ஊத்துததே இல்ல. வினிகர்தான். பொறவு மூணு தண்ணி விட்டு அலசுதேன். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னா, முதலாளி கால்ல விழுந்தாவது மறுபடி கொண்டாருவேன். அதை வச்சு இன்னொரு மாடு பிடிச்சுக்கிடுவேன். சரிப்படலன்னா இந்த ஒத்த மாட்டையும் குடுத்துட்டு மில்லோட கெடக்க வேண்டியதுதான்."

டப்பாவைத் திறந்தாள். அருகே கொண்டு போவதற்கு முன்பே மூக்கில் குத்தியது. வினிகர்! விரலால் அமுக்கினேன். ரப்பர். அலசி அலசிப் பால் வாசம் ஒரு பொட்டுகூட இல்லை. அவள் கை செய்த பனீர் அது இல்லை. நான் சொன்ன பொய் செய்த பனீர்.

"நீ தின்னு பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன். எனக்கு என்னமோ பிடிக்கல. ஆனா எனக்குத்தான் வாசம் தெரியாதே அண்ணாச்சி. அதான் ஒங்ககிட்ட கொண்டாந்தேன்."

சுற்றிலும் ஜனம். கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கத்துகிறான்.

"பழையபடி எலுமிச்சம்பழத்துலயே செய், தாயி. முன்ன செஞ்ச மாதிரியே செய்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"அதைத்தான அண்ணாச்சி புளிக்குதுன்னு தள்ளுனீய?"

கேலியாகக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். பதிலுக்காக நின்றாள். 'அது புளிக்கவில்லை, எனக்குத்தான் மூக்கு இல்லை.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன்...

அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. என் மௌனத்தை அவளே அர்த்தம் பண்ணிக்கொண்டாள்.

"அப்ப எப்படிச் செஞ்சாலும் என் கைக்கு வராது போல" என்றாள். டப்பாவை மூடினாள். "பரவால்ல அண்ணாச்சி. ஒங்களுக்குப் பஸ் வந்துருச்சு. ஏறுங்க."

ஏறிவிட்டேன்.

அந்த மாட்டையும் விற்றுவிட்டாள் என்று அடுத்த மாதம் அந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். காலையில் அவள் மில் வேனில் போகும்போது சில நாள் பார்ப்பேன். ஜன்னலில் இருந்து கையைத் தூக்குவாள். நானும் இடது கையைத் தூக்குவேன்.

அவள் எட்டாவது வரை படித்தவள். இதை எழுதி அவளிடம் கொடுத்தால் என்னைவிட வேகமாகப் படித்துவிடுவாள். நான் அவளிடம் கொடுக்கவில்லை. உங்களிடம் கொடுக்கிறேன். உங்களிடம் சொல்வது சுலபம்... நீங்கள் மாடு விற்றவர் இல்லை.