உள்பக்கத்துக் கைப்பிடி

இது கட்டுக்கதை இல்லை. நடந்தது. நம்பாதவர்கள் திருகோணமலைக்கு வந்து, உள்துறைமுக வீதியில் வாசற்படியில் எந்நேரமும் ஒரு சோடி செருப்புக் கிடக்கிற வீடு எது என்று கேளுங்கள். யாரும் காட்டுவார்கள். நான் வேலைக்குப் போயிருந்தாலும் அந்தச் செருப்பு அங்கேதான் கிடக்கும். அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். "இவ்வளவு நடந்த வீட்டில் இன்னும் ஏன் இருக்கிறாய், உனக்கென்ன விசரா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோருக்குமாக ஒரே முறை எழுதிவிடுகிறேன்.

என் பெயர் கோகுலன். சொந்த ஊர் சாம்பல்தீவு. துறைமுகத்தில் இரவு வேலை. இந்தத் தை மாதம் லக்சாயினியைக் கட்டினேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். நானும் போனேன். நல்ல வீடு. அகலமான விறாந்தை, மூன்று அறை, பெரிய குசினி. கட்டியது மாமனார் ஞானசேகரம் இல்லை. அவருடைய மூத்த மகள் கோணேஸ்வரி குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசு.

"அவ இப்ப எங்க மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்கதான். எங்களோட கோபம். கதைக்கிறேல்ல."

மாமியார் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. புது மாப்பிள்ளை, வாயை மூடிக்கொண்டு இருந்தால் மரியாதை.

வேறும் இரண்டொரு விடயம் இருந்தது. அயல் வீட்டார் எங்களுடன் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பிரிட்ஜுக்கு மேலே, இழுப்பு வருத்தக்காரர் வாயில் வைத்து அடிக்கும் நீலநிறப் பம்ப் ஒன்று தூசி படிந்து கிடந்தது. இந்த வீட்டில் யாருக்கும் இழுப்பு இல்லை. ஒருநாள் அதை எறியப் போனேன். லக்சாயினி என் கையில் இருந்து பிடுங்கித் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

பிறகு அந்தப் பக்க அறை. விறாந்தையோடு ஒட்டினது, கதவு நேரே வாசற்படியைப் பார்த்தபடி இருக்கும். எப்போதும் சாத்தியே கிடக்கும். சாமான் அறை என்றார்கள். எனக்கோ பகலில்தான் நித்திரை. எங்கள் அறை குசினிக்குப் பக்கம், சட்டிபானைச் சத்தத்தில் கண் மூட ஏலாது. அரை நித்திரையில் பாரந்தூக்கிக்குக் கீழே நிற்கிறவன் எத்தனை நாளைக்குத் தப்புவான்? லக்சாயினி வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள்.

"அந்த அறையைத் தாங்கோ மாமா" என்றேன்.

"கதவுப் பிடி பழுது தம்பி. சும்மா சுத்தும். திறக்காது."

"புதுசு ஒண்டு போட்டால் சரிதானே?"

"என்ர வீட்டை நீங்கள் குடைய வேண்டாம்."

கட்டினது ஒரு மகள். எழுதிக் கொடுத்தது இன்னொரு மகளுக்கு. வீடு மட்டும் இவருடையதாம். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இவர் இல்லாத நாளில் செய்துவிடுவது என்று அன்றே முடிவெடுத்தேன்.

ஆனி மாதக் கடைசியில் அந்த நாள் வந்தது. கச்சான் காற்று தொடங்கி, ஊரெல்லாம் புழுதியும் கதவு அடிபடும் சத்தமும். மாமாவும் மாமியும் காலையிலேயே தம்பலகாமத்துக்குப் போனார்கள். உறவுக்காரர் வீட்டில் ஒரு காரியமாம். வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கூட்டிப் போகவில்லை.

வெளிப்பக்கப் பிடியைப் பிடித்துப் பார்த்தேன். லொடலொடவென்று சுற்றியது. சும்மா தேய்ந்தது இல்லை. யாரோ மூர்க்கமாகத் திருகித் திருகி முறித்த மாதிரி. அதைக் கழற்றி எடுத்து, நடுத் துளைக்குள் திருப்புளியை விட்டுத் திருப்பினேன். கதவு திறந்தது.

அறையில் சாமான் எதுவும் இல்லை. ஒரு மெத்தை. மடித்து வைத்த தடித்த கம்பளி, குவைத்தில் இருந்து வருபவர்கள் கொண்டுவருகிற வகை. பலகை அடித்து மூடிய யன்னல்.

கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே கைப்பிடி இல்லை. நான்கு திருகாணித் துளையும் நடுவில் ஒரு துளையும் மட்டும். நடுத் துளையைச் சுற்றி வண்ணம் சுரண்டப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டினது போல.

பழைய பிடியை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் இரும்புக் கடைக்குப் போனேன். கடை வாசலில் முத்தலிப் நானா இருப்பார். கிண்ணியாக்காரர். பூட்டு, பிடி எல்லாம் திருத்துபவர். இது மாதிரிப் புதுசு ஒன்று வந்து கதவில் பூட்டித் தாருங்கள் என்று பிடியை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உள்துறைமுக வீதி வீடா?"

"ஓம். எப்படித் தெரியும்?"

"இதுட மத்தப் பாதி என்னட்ட இரிக்கி தம்பி."

கூப்பிட்டும் வரவில்லை. "ரெண்டு பக்கமும் பிடி உள்ளதா வாங்குங்க. நீங்களே பூட்டுங்க" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாங்கி வந்தேன். செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினேன். பிற்பகல் மூன்று மணி. லக்சாயினி பின்னறையில் படுத்திருந்தாள். புதுப் பிடிகள், இரண்டு பிடியையும் இணைக்கும் சதுரக் கம்பி, திருப்புளி எல்லாம் விறாந்தைத் தரையில் பரப்பியிருந்தன. உள்பக்கத் துளைகளை அளந்து பார்க்க அறைக்குள் போனேன்.

கச்சான் ஒரு வீச்சு வீசியது.

டமார்.

கதவு சாத்திக்கொண்டது. 'டக்' என்று பூட்டின் நாக்கும் விழுந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. கம்பி வெளியே, நான் உள்ளே. "லக்சா!" என்று கூப்பிட்டேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை. கதவில் தட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினேன். என் தட்டல் எனக்கே எங்கேயோ முன்பு கேட்ட சத்தம் போல இருந்தது.

இருட்டு. வெக்கை. மூச்சு முட்டியது. கதவுக்குக் கீழே இரண்டு விரல் அளவு நீக்கல், அதால் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை நிலத்தில் வைத்து வெளியே பார்த்தேன்.

விறாந்தைத் தரை தெரிந்தது. அதற்கு அப்பால் வாசற்படி. படியில் என் செருப்பு. வேறு எதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

ஈஈஈ... ம்ம்.

ஈஈஈ... ம்ம்.

காற்று என்று நினைத்தேன். காற்று வெளியே. இது உள்ளே.

என் இடது பக்கம்.

தரையோடு.

என்னைப் போலவே யாரோ பக்கத்தில் குப்புறப் படுத்து, நீக்கலால் வெளியே பார்த்துக்கொண்டு... இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம். என் காதில் அந்தச் சூடு பட்டது.

நான் திரும்பவில்லை. கழுத்துத் திரும்பவில்லை.

மிக மெதுவாக ஒரு பெண்குரல்.

"போயிட்டினமோ?"

...

கையால் கதவை அறைந்தேன்.

"மாப்பிள்ளை வீட்டாக்கள்... போயிட்டினமோ?"

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

வெளியே காலடிச் சத்தம் ஓடி வந்தது. துளைக்குள் கம்பி நுழைந்தது. கதவு திறந்தது. லக்சாயினி நின்றாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், தரையைப் பார்த்தாள்.

அறை வெறுமையாக இருந்தது.

கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் உள்ளே இருந்து திறக்க முடியாத கதவு இந்த வீட்டில் இனி இருக்கவே கூடாது என்று மட்டும் தோன்றியது. இரண்டு பக்கமும் பிடியைப் பூட்டினேன். திறந்து மூடிப் பார்த்தேன். நன்றாக வேலை செய்தது.

ஐந்தரைக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். லீவு சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆறு இருபதுக்குப் போன் வந்தது.

"இஞ்சருங்கோ... புதுப் பிடி தானாக் கீழ பதியுது."

"காத்தா இருக்கும்."

"காத்து பிடியைப் பதிக்குமே?"

போனுக்குள்ளேயே கேட்டது.

டக்.

"திறந்திட்டுது" என்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வீதியில் வெறுங்காலோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்க அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. குசினிக்குப் போனேன். பிரிட்ஜுக்கு மேலே தூசி இருந்தது. தூசிக்கு நடுவில் ஒரு சிறிய சுத்தமான இடம் இருந்தது. பம்ப் இல்லை.

திரும்பி வந்து படியில் இருந்தேன். அவளையும் இருத்தினேன். என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றினேன்.

என் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்துப்பட்டது. அடிபடவில்லை. மெதுவாக, ஒழுங்காக. வீட்டுக்கு ஆட்கள் வந்திருக்கும்போது ஒரு பெண் தன் அறைக் கதவைச் சாத்துவாளே, அப்படி.

காற்று அப்போது விழுந்திருந்தது. மரத்தில் ஒரு இலை அசையவில்லை.

அடுத்த நாள் காலை முத்தலிப் நானாவின் முன்னால் போய் நின்றேன். சொல்லாமல் போகமாட்டேன் என்றேன். அவர் பெட்டியைத் திறந்து, பழந்துணியில் சுற்றிய ஒரு கைப்பிடியை எடுத்து வைத்தார். அந்தக் கதவின் உள்பக்கப் பிடி.

"போன வருசம் இதே கச்சான் நேரம். மூத்த புள்ள குவைத்தால இழுப்பு வருத்தத்தோட வந்து நின்டிச்சி. தங்கச்சியப் பொண்ணு பாக்க ஆக்கள் வாறாங்க எண்டு பிடியக் கழட்டச் சொன்னாங்க. மூத்தது வருத்தத்தோட வீட்டுல இரிக்கிறது தெரிஞ்சா சம்பந்தம் குழம்புமாம். முந்தி ஒருக்காக் குழம்பினதாம், புள்ள இடையில வெளிய வந்து தண்ணி கேட்டதால."

"அவ சம்மதிச்சவவா?"

"திருகாணியெல்லாம் கையில ஏந்திப் புடிச்சிக்கிட்டு நின்டது அந்தப் புள்ளதான் தம்பி. 'மாப்பிள்ளை வீட்டாக்கள் போனதும் பிடியத் திரும்பப் பூட்டி விடுவீங்கதானே நானா?' எண்டு கேட்டிச்சி. ஓம் எண்டன்."

ஒரு மணித்தியாலம் என்று சொல்லித்தான் அவவை உள்ளே விட்டார்களாம். இழுப்பு வந்திருக்கிறது. பம்ப் வெளியே, பிரிட்ஜுக்கு மேலே. உள்ளே இருந்து துளையை நோண்டியதில் கம்பி பூட்டை விட்டு நழுவிவிட்டது. ஆட்கள் போன பிறகு இவர்கள் வெளிப்பிடியைத் திருகினால் அது சும்மா சுற்றியது. திருகித் திருகி முறித்தார்கள். பிறகு முத்தலிப் நானாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து திறந்தபோது அவ கதவடியில், கன்னம் தரையில் பட, குப்புறக் கிடந்தாவாம். ஆஸ்பத்திரியில் இழுப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். பொய்யில்லைத்தானே. சத்தமில்லாமல் தம்பலகாமத்துக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். நேற்று மாமாவும் மாமியும் போன காரியம் அவவுடைய ஆண்டுத் திவசம்.

அந்த மாப்பிள்ளை வீட்டார் யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

போன வருசம் அன்று அந்த விறாந்தைக் கதிரையில் நான் இருந்தேன். பக்கத்து அறையில் கதவு தட்டுப்படும் சத்தம் கேட்டது. "அது என்ன மாமா?" என்றுகூடக் கேட்டேன். "கச்சான் தம்பி, கதவை ஆட்டுது" என்றார். தலையாட்டிவிட்டு வடையைக் கடித்தேன். தேத்தண்ணி நல்லாயிருக்கிறது என்று இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தோம். சீதனப் பேச்சு நீண்டது. எழும்பும்போது பொழுதுபட்டுவிட்டது. அதற்குள் அந்தச் சத்தம் நின்றிருந்தது.

வீட்டுக்கு வந்து லக்சாயினியிடம் கேட்டேன்.

"உனக்குக் கேட்டதோ?"

அவள் நிமிரவில்லை. "எனக்குத் தலைக்குப் பூ வைச்சுக்கொண்டு இருந்தவை" என்றாள். பிறகு, "கேட்டது" என்றாள்.

சாம்பல்தீவுக்கு வா என்றேன். மாட்டாளாம். அக்கா தங்கச்சிக்கென்று கட்டின வீடாம், இங்கேதான் பிள்ளை பெறுவாளாம். மாமா உள்பிடியைத் திரும்பக் கழற்றச் சொல்கிறார். அந்த மனிசனின் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டேன். ஒருமுறை கழற்றினது போதும்.

இப்போது நான் இரண்டு சோடி செருப்பு வைத்திருக்கிறேன். ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். மற்றது படியில் கிடக்கும். கதவுக்குக் கீழால் தெரிவது அந்தப் படி மட்டும்தான்.

பிற்பகலில் அறைக்குள் சில நாள் பம்ப் அடிக்கும் சத்தம் கேட்கும். சக்... சக்... அது எப்போதோ முடிந்த வெறும் பம்ப். பிறகு கைப்பிடி மெதுவாகப் பதியும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். திரும்ப மேலே போகும். கதவு திறக்காது. அதற்குப் பூட்டும் இல்லை, தடையும் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு வெளியே வரலாம் என்று அவவுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் இன்னும் போகவில்லை.