அம்மன் காவலில் ஒரு கம்ப்யூட்டர்

ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு இலவச இணைய மையம் வந்தபோது, அதை எங்கே வைப்பது என்று பெரிய மனிதர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் வைத்தால் பிள்ளைகள் உடைத்துவிடுவார்களாம். பஞ்சாயத்து ஆபீஸில் வைத்தால் திருடன் தூக்கிப் போய்விடுவானாம். கடைசியில் அம்மன் கோயில் மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அம்மன் கண்ணெதிரில் எவன் கை வைப்பான் என்ற மகா யோசனை. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். வாசலில் 'அனைவருக்கும் இணையம்' என்று பலகை, சாவி தர்மகர்த்தாவின் இடுப்பில்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தேன். எந்தக் கல்லூரி முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்திப் பதிய மூன்று நாள் கொடுத்தார்கள். சென்னையில் ஒரு கல்லூரி, அதில் கம்ப்யூட்டர் படிப்பு. என் மனதில் வேறெதுவும் இல்லை. என் மார்க்குக்குக் கட்டாயம் கிடைக்கும் என்று டீச்சரும் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த ஒரே போனில் பதிவுக்கான இணையப் பக்கம் பாதிக்கு மேல் திறக்கவில்லை. முதல் நாள் காலையிலேயே எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது.

தூரமாக இருப்பவள் கோயில் படி மிதிக்கக் கூடாது என்று அம்மா முடித்துவிட்டாள். ஆர்.கே.பேட்டை பிரௌசிங் சென்டருக்குப் போகிறேன் என்றேன். ஊரிலேயே சும்மா கிடைப்பதற்கு பஸ் ஏறுவானேன் என்றார் நைனா, அதாவது என் அப்பா.

கடைசி நாள் தர்மகர்த்தாவே பெரிய மனது பண்ணி ஒரு வழி சொன்னார். நான் மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டியது, அவர் உள்ளே உட்கார்ந்து தட்ட வேண்டியது. போனில் வரும் ஓ.டி.பி. எண்ணைப் படித்துச் சொல்ல அவர் பக்கத்தில் நைனா. வெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லூரியின் பெயராகக் கத்தினேன். அவர் ஒற்றை விரலால் தட்டினார். எனக்குத் தெரிந்தது மானிட்டரின் முதுகு மட்டும்தான்.

இனி மாற்றவே முடியாது என்று ஆன பிறகு தர்மகர்த்தா ஜன்னலருகே வந்தார்.

"பொட்டப் புள்ளைக்கு மெட்ராஸ் இன்னாத்துக்குமா? தெனம் வூட்லேந்து போய்கினு வந்துகினு இருக்கலாம்னு, கிட்டக்க இருக்கற காலேஜயே மேல போட்டுட்டேன். நைனாவும் ஆங்னுட்டாரு."

நைனா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் ஊரில் வரத்தையே திருத்தி எழுதிவிடுகிறார்கள்.

அந்தக் கல்லூரிதான் கிடைத்தது. அவர் தட்டிவிட்ட, நான் கேட்காத ஒரு படிப்பை நான்கு வருஷம் டவுன் பஸ்ஸில் போய் வந்து படித்தேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

பட்டம் வாங்கியதும் மண்டபத்துக்குள் ஒரு பிளெக்ஸ் மாட்டினார்கள். இந்த மையத்தால் பயன்பெற்ற முதல் மாணவி என்று என் படம், பக்கத்தில் கைகூப்பியபடி தர்மகர்த்தா. இப்போதும் மாதத்தில் மூன்று நாள் அம்மா என்னை அந்தத் தெருப் பக்கமே விடுவதில்லை. படம் மட்டும் முப்பது நாளும் உள்ளேயே இருக்கிறது.